அவர் சொல்லாத வார்த்தை

“நீங்க என்னையப் புரிஞ்சுக்கிடல மேடம்” என்றார் சிவசைலம். சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தார், குடிக்கவில்லை, மறுபடி மூடினார். மணி பதினொன்று பன்னிரண்டு. கடிகாரத்தை அவர் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால்தான் மாட்டியிருக்கிறேன், எங்கள் தொழிலில் பலரும் அப்படித்தான் மாட்டுவோம், வந்தவர் முகத்தைப் பார்க்கிற சாக்கில் மணியையும் பார்த்துக்கொள்ளலாம், அவருக்குத் தெரியாது என்று நினைப்பு, தெரியும், எல்லோருக்கும் தெரியும். இப்போது நான் ஏதாவது சொல்ல வேண்டும். ஐம்பது நிமிடத்தில் பன்னிரண்டு போய்விட்டது, மீதி முப்பத்தெட்டு, இந்த முப்பத்தெட்டில் இந்த மனிதரை என்ன செய்யப் போகிறாய் ஹெலன், முதலில் மூச்சு விடு. மூச்சு விட்டால் தும்மல் வருகிறது. கீழே மாவு மில்லில் மிளகாய் வற்றல் திரிக்கிறார்கள். பாளையங்கோட்டையில் கடைத்தெருப் பக்கத்தில் இப்படி ஒரு மாடி அறை ஏன் அவ்வளவு சுலபமாகக் கிடைத்தது என்பது குடிவந்த பிறகுதான் புரிந்தது. மனசைத் திறக்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் தும்முகிறார்கள், அப்புறம் கண்ணைத் துடைக்கிறார்கள், அது அழுகையா காரமா என்று பல நாள் எனக்கே தெரிவதில்லை. சிவசைலம் தும்மவில்லை. கண்ணும் கலங்கவில்லை. பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். புரிந்துகொள்ளவில்லையாம். ஏழு வாரமாக வியாழக்கிழமை தவறாமல் எதிரே உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்துச் சுளுக்கியதுதான் மிச்சம், ஒரு வாரம் காய்ச்சலோடு வந்தேன், அந்த வாரம் அவருடைய ஆபீஸ் தாசில்தாரைப் பற்றி நாற்பது நிமிடம் கேட்டேன், புரியவில்லையாம். பார், பார், இந்தக் கோபத்தைப் பார். மனநல ஆலோசகர், பதினைந்து வருஷ அனுபவம் என்று வாசல் பலகையில் எழுதி வைத்திருக்கிறாய், ஒருவர் ஒரு வாக்கியம் சொன்னதும் சின்னப் பிள்ளை மாதிரி முகம் சுண்டிப் போகிறது. முகம் சுண்டியது வெளியே தெரிந்திருக்குமா? முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள். சாதாரணமாக வைத்துக்கொண்டிருக்கிற முகம் என்று பார்க்கிறவருக்குத் தெரியும்படி வைத்துக்கொள்ளாதே.

அவர் சர்வேயர். தாலுகா ஆபீசில் நில அளவை. முதல் வாரம் மனைவி கோமதிதான் கூட்டிக்கொண்டு வந்தார், அவரைப் பேசவிடாமல் அந்த அம்மாளே எல்லாம் சொன்னார். எட்டு மாதமாக இவுகளுக்குப் போன் வியாதி மேடம், எந்தப் போன் வந்தாலும் முதல் மணியிலயே எடுத்துருதாக, பாத்ரூமுக்குள்ள கொண்டுபோறாக, தூங்கையிலயும் நெஞ்சு மேல வச்சிருக்காக, கடன் வேணுமான்னு எவளோ ஒருத்தி பேசுதா, அவ பேசி முடிக்கிற வரைக்கும் ம் ம்னு கேட்டுக்கிட்டே இருக்காக. போன மாசம் பைக்ல போகும்போது போன் வந்து, அதை எடுக்கப் போய் லாரிக்கு அடியில போகப் பாத்துட்டாக. அந்த அம்மாள் சொல்லச் சொல்ல இவர் சட்டைப்பைக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, தன்னைப் பற்றி இல்லாமல் வேறு யாரையோ பற்றிப் பேசுவது போல் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு எட்டு மாதம் முன்னால் ஐப்பசியில் அவர் அப்பா இறந்தார். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ஊரில் தனியாக இருந்தவர், சாயங்காலம் நெஞ்சு வலி, மகனைப் போனில் கூப்பிட்டிருக்கிறார், மூன்று தடவை, மகன் எடுக்கவில்லை, காலையில் பால்காரர் கதவைத் தட்டிப் பார்த்தபோது முடிந்துவிட்டிருந்தது. இதெல்லாம் கோமதி சொன்னது. அதற்கப்புறம் இவர் ஐந்து வாரம் ஆபீசைப் பற்றிப் பேசினார், எல்லைக்கல்லைப் பிடுங்கி நகர்த்தி நடுகிற அண்ணன் தம்பிகளைப் பற்றிப் பேசினார், ஒரு அடி மண்ணுக்காக அளவைச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உருண்டவர்களைப் பற்றிப் பேசினார், நானும் உருண்டு உருண்டு சிரித்தேன். அப்பாவைப் பற்றிப் போன வியாழக்கிழமைதான் வாயைத் திறந்தார். திறந்ததும் நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சற்று முன்னால் சொன்னார்.

“வேலை நெருக்கடியில போனை எடுக்க முடியாமப் போச்சுன்னு சொன்னீங்கள்லா மேடம். வேலை நெருக்கடின்னு நான் சொல்லவே இல்ல. வீட்டுக்குப் போயி யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். அந்த வார்த்தைய நான் சொல்லல. துட்டி கேக்க வந்தவங்க எல்லாரும் அதத்தான் சொன்னாங்க, எங்க மாமா சொன்னாங்க, ஆபீஸ்ல சொன்னாங்க, கோமதியும் தினம் சொல்லுதா. நீங்களும் சொல்லிட்டீங்க.” இவ்வளவும் சொல்லிவிட்டுத்தான், புரிஞ்சுக்கிடல என்ற அந்தக் கடைசி வாக்கியம். சொல்லவில்லையா? சொல்லியிருப்பாரே. மடியில் இருக்கிற நோட்டில் போன வாரப் பக்கம் இருக்கிறது, அவர் போன பிறகு எழுதியது, என் கையெழுத்து, “வேலை நெருக்கடி, போன் எடுக்கவில்லை, குற்ற உணர்வு”, கீழே ஒரு கோடு வேறு போட்டிருக்கிறேன், ஏதோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி. எழுதியிருக்கிறதே. எழுதியிருந்தால் சொல்லியிருப்பார். சொன்னதை இப்போது மாற்றுகிறார், மாற்றுவது சகஜம், உண்மைக்குக் கிட்டே வந்ததும் பயந்து பின்வாங்குவார்கள், பின்வாங்குகிற சாக்கில் நம்மேல் பாய்வார்கள், அதற்கு எங்கள் புத்தகங்களில் பெயர் உண்டு, அத்தியாயம் உண்டு. என்ன வசதியான அத்தியாயம். வந்தவர் ஆமாம் என்றால் நான் சரி, இல்லை என்றால் அவருக்குப் பயம். இந்த மனிதர் யார்? ஒரு வயலின் மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் நடுவே எத்தனை தூரம் என்று நாளெல்லாம் வெயிலில் நின்று அளந்து எழுதுகிறவர். தான் சொன்ன வார்த்தை எது, சொல்லாத வார்த்தை எது என்று அவருக்குத் தெரியாதா? அவர் சொல்லியிருக்க மாட்டார். அப்படியானால் அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? போன வாரத்தை நினைத்துப் பார். முதலிலிருந்து வா.

இதே நாற்காலி, இதே பாட்டில். அவர் தொண்டையைக் கனைத்தார். “அன்னைக்குச் சாயங்காலம் நாலரை மணி இருக்கும் மேடம்” என்றார். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, நாலரை, ஏனென்றால் நாலரை என்றதும் சாயங்காலம் என்று நினைத்தேன், சாயங்காலம் என்றதும் மதியம், மதியம் என்றதும் மீன். அன்று காலை வாசலில் மீன்காரம்மாவிடம் பாரை மீன் வாங்கி, கழுவி, மஞ்சளும் உப்பும் தடவி, சட்டியில் போட்டு மேடைமேல் வைத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று ஓடிவந்திருந்தேன். அடுப்பங்கரை ஜன்னலைச் சாத்தினேனா? பக்கத்து வீட்டுப் பூனை ஒன்று இருக்கிறது, ஒரு காது இல்லாதது, அதற்கு ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருந்தால் போதும். சட்டிமேல் தட்டு வைத்தேன். தட்டின்மேல் அம்மிக்குழவி வைத்தேனா? என் வீட்டுக்காரர் செல்வினும் வீட்டில் இல்லை. ஜன்னலைச் சாத்திய சத்தம் காதில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், ஜன்னல் கொக்கி துரு, சாத்தினால் ஒரு கிறீச் வரும், அந்தக் கிறீச் இன்றைக்கு வந்ததா நேற்றைக்கு வந்ததா என்று யோசித்துக்கொண்டே தலையை ஆட்டினேன், நல்லாத் தலையாட்டினேன், முகத்தில் கனிவு, அது தானாக வந்து உட்கார்ந்துவிடும், பதினைந்து வருஷப் பழக்கம். அப்புறம் அவர் சொன்னதாக ஞாபகம் இருப்பது, “விடிஞ்சா அப்பா இல்ல மேடம்.” நாலரை மணிக்கும் விடிந்ததற்கும் நடுவே அவர் என்ன சொன்னார்? ஒன்றுமே இல்லை. வெறும் ஜன்னல். ஒரு நிமிடமா, இரண்டு நிமிடமா, இத்தனை மாதம் யாரிடமும் சொல்லாததை அந்த மனிதர் எடுத்து வைத்தார், நான் பூனையை விரட்டிக்கொண்டிருந்தேன். விடிஞ்சா அப்பா இல்ல என்றதும் திடுக்கிட்டு வந்து சேர்ந்து, நடுவில் கிடந்த ஓட்டையை ஊரார் எல்லோரும் போட்டு அடைக்கிற அதே வார்த்தையைப் போட்டு அடைத்தேன். அவர் “ம்” என்றார். நான் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு, போய் எழுதி, கோடும் போட்டேன். வீட்டுக்குப் போனால் ஜன்னல் சாத்தியிருந்தது, மீன் போட்டபடி இருந்தது, அன்று குழம்பு பிரமாதமாக வந்தது என்பதுதான் கொடுமை.

மணி பதினொன்று பதினான்கு. இரண்டு நிமிடந்தான் ஆகியிருக்கிறது. அவர் பாட்டிலை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். சொல். ஏதாவது சொல். இந்தக் கட்டத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தலைகீழாகத் தெரியும், போன மாதம்தான் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது டீச்சர்மாருக்கு இரண்டு மணி நேரம் வகுப்பெடுத்தேன், “கேட்கும் கலை” என்று பேனர் வைத்து, நடுவில் வடை காபி. மூன்று படி. முதலில், சொன்னதற்கு நன்றி சொல்ல வேண்டும். அப்புறம், தவறை நம் பேரில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம், எந்த இடத்தில் தவறவிட்டேன் என்று அவரையே கேட்க வேண்டும். எங்கள் ஆலோசகர்கள் குழுவில் இருக்கிற பிரேமா இதைப் பாட்டு மாதிரி சொல்லுவாள், குரலை ஒரு இழுப்பு இழுத்து, “சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க, அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேணும்.” சொல்லிப் பார்க்கட்டுமா? சிவசைலம் சார், இதைச் சொன்னதற்கு நன்றி. சேச்சே. போன வாரம் பிராட்பேண்ட் வேலை செய்யவில்லை என்று நான் போன் செய்தபோது அந்தப் பெண் சொன்னாளே, உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம் என்று, அப்போது போனை எடுத்துச் சுவரில் அடிக்கலாம் போல இருந்ததே, அதே குரல். சரி, இரண்டாவது படி. உங்களைச் சரியாகப் புரிந்துகொள்ளாதது என் தவறு. இது உண்மைதானே? உண்மை மாதிரி இருக்கிறது. கவனமாகக் கேட்டு, தப்பாகப் புரிந்துகொண்டவள் சொல்ல வேண்டியது இது. நான் கேட்கவே இல்லையே. மூன்றாவது படி இன்னும் மோசம், எந்த இடத்தில் தவறவிட்டேன், நீங்களே சொல்லுங்கள். எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியும், நாலரை மணியில். தெரிந்துகொண்டே அவரிடம் கேட்டால் அது திருட்டு. அப்படியானால் உண்மையைச் சொல்லிவிடலாமா? சார், நீங்கள் அதைச் சொன்னபோது நான் கேட்கவில்லை. சொன்னால் என்ன ஆகும்? கூப்பிடக் கூப்பிட ஒரு பக்கம் யாரும் எடுக்காததால் வந்த வினையைச் சொல்ல வந்தவர், அவரிடம் போய், நீங்கள் கூப்பிட்டபோது நானும் எடுக்கவில்லை என்று சொல்வதா? அட, எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பார். பிரேமாவிடம் சொன்னால் கை தட்டுவாள். இப்படி எதையும் அழகாகப் பொருத்திப் பார்ப்பதுதான் என் வியாதி, இந்த வியாதியால்தான் போன வாரம் அந்த ஓட்டையையும் அடைத்தேன்.

அவர் எழுந்து போய்விடுவார். போனால் திரும்பி வரமாட்டார். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் இப்படி ஒருத்தி போயிருக்கிறாள். நஸீமா என்று ஒரு கல்லூரிப் பெண். நாலு வாரம் வந்தாள். நாலாவது வாரம் முடியும்போது, “நீங்க ரொம்ப நல்லாப் பேசுதீங்க மேடம்” என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, செல்வினிடம்கூடச் சொன்னேன். அதற்கப்புறம் வரவில்லை. ஒரு வருஷம் கழித்துப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், நான் கையைத் தூக்கினேன், அவள் என்னைக் கண்டதும் ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டாள், அவளுடைய துப்பட்டாவின் நுனி மட்டும் காற்றில் வெளியே வந்து வந்து போனது. அப்போதுதான் புரிந்தது, நல்லாப் பேசுதீங்க என்று சொன்னவள், நல்லாக் கேட்டீங்க என்று சொல்லவில்லை. அவள் எங்கே போய் என்னத்தைச் சொன்னாளோ, சொன்னாளா என்றே தெரியாது. சிவசைலம் அப்படி நைசாகப் போகாமல் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டார், அதாவது இன்னும் ஒரு கால் உள்ளே இருக்கிறது. ஆனால் அந்தக் கால் எவ்வளவு நேரம் இருக்கும்? போன வாரம் அவரைக் கூட்டிப்போக வந்த கோமதி படிக்கட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், இவுக வேற யாருகிட்டயும் போகமாட்டாக மேடம், நீங்க ஒரு ஆளுதான். லாரிச் சக்கரம் இவ்வளவு தூரத்தில் இருந்தது என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், இரண்டடி இருக்கும். இன்று இவர் இந்தப் படியில் இறங்கிப் போனால், பைக்கை எடுத்தால், போன் அடித்தால். பயமாக இருக்கிறது, மரியாதை போய்விடுமே என்ற பயம் ஒன்று, இந்த ஆள் செத்துப்போவாரே என்ற பயம் ஒன்று, இரண்டில் எது முன்னால் வந்தது என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவருக்கு என்னதான் வேண்டும்? ஊர் முழுக்க உன் மேல் தப்பில்லை என்கிறது, கட்டின பெண்டாட்டி சொல்கிறாள், மாமா சொல்கிறார், சந்தோஷமாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. அது எனக்குத் தெரியும். கல்யாணமான இரண்டாம் வருஷம் மூன்று மாதத்தில் எனக்குக் கலைந்துபோனது. ஆஸ்பத்திரிக்கு ஐயர் அம்மா வந்தார்கள், எங்கள் சபையில் பாஸ்டர் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவோம், தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார்கள், இந்தத் தாயின் உடைந்த உள்ளத்தை நீரே தேற்றும் ஆண்டவரே என்றார்கள், நான் ஆமென் என்றேன். என் உள்ளம் உடைந்திருக்கவில்லை. டாக்டர் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது, அப்பாடா, ஏப்ரலில் எம்.ஏ. பரீட்சை எழுதிவிடலாம் என்பது. துக்கம் அப்புறம் வந்தது, வராமல் இல்லை, ஆனால் முதலில் வந்தது அது. ஒரு விநாடிதான். அந்த ஒரு விநாடியை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எத்தனை நாள் தவித்தேன். அத்தை வந்தார்கள், நாத்தனார் வந்தாள், ஹார்லிக்ஸ் பாட்டிலாக வந்து குவிந்தது, ஒவ்வொருவரும் இல்லாத ஒரு நல்லவளைப் பார்த்து அழுதுவிட்டுப் போனார்கள். செல்வின்கூட. நான் அந்த நல்லவளுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தேன். பரீட்சை எழுதினேன், பாஸ் பண்ணினேன், அதனால்தான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. அன்று யாராவது ஒருவர் சரியாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஐயோ, நீ அப்படிப்பட்டவள் இல்லை என்று சொல்லாமல், ஆமாம், அப்படி நினைத்தாய் என்று மட்டும் சொல்லியிருந்தால்.

பாட்டில் பைக்குள் போய்விட்டது. எப்போது போனது? அவர் பையின் ஜிப்பை இழுக்கிறார், பாதியில் சிக்குகிறது, திரும்ப இழுக்கிறார். பதினொன்று பதினாறு. “சரி மேடம்” என்றார். “உங்களச் சங்கடப்படுத்திட்டேன். மனசுல வச்சுக்கிடாதீங்க. நான் வாறேன்.” வாறேன் என்று சொல்லி எழுந்து நின்றார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், மனிதர் என்னை மன்னித்துவிட்டே போகிறார், அதுதான் தாங்க முடியவில்லை. கதவுக்கும் அவருக்கும் நடுவே நாலு எட்டுதான். நன்றி என்கிற முதல் படி நாக்கு நுனிவரை வந்தது. அதை அப்படியே கடித்துக்கொண்டேன்.

“சார்” என்றேன். “போன வாரம் நீங்க சொன்னப்போ நான் கேக்கல.”

அவர் திரும்பினார். “அதான் சொன்னேன், நீங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டீங்க.”

“இல்ல சார். வேற மாதிரி எடுத்துக்கிடல. கேக்கவே இல்ல. காதுல விழல. என் நெனப்பு வேற எங்கயோ இருந்துச்சு. வேலை நெருக்கடின்னு நானாச் சேத்துச் சொன்னேன்.”

அவர் பையைத் தோளில் மாட்டப் போனவர் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கீழே மில் ஓடுகிறது. போகட்டும், திட்டட்டும், கோமதியிடம் சொல்லட்டும், பலகையைக் கழற்றிவிடலாம்.

“என்ன நெனச்சுக்கிட்டிருந்தீங்க?” என்று கேட்டார்.

இதையுமா சொல்ல வேண்டும்? இதையும்தான். “மீன் வாங்கி வச்சிட்டு வந்திருந்தேன். ஜன்னலச் சாத்தினேனான்னு.”

“மீனு.”

“ஆமா சார்.”

அவர் முகத்தில் என்னென்னவோ வந்து போயின. கோபம் வந்தது, அது எனக்கு நன்றாகத் தெரிந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், வேறு எங்கும் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு சர்வேயர் மட்டுமே கேட்கக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டார்.

“எது வரைக்கும் கேட்டீங்க?”

“சாயங்காலம் நாலரை மணி இருக்கும்னீங்க. அது வரைக்கும்.”

“அதுக்கப்புறம்?”

“விடிஞ்சா அப்பா இல்லன்னீங்க. நடுவுல ஒண்ணும் கேக்கல.”

“மொத்தமும் நடுவுலதான மேடம் இருக்கு” என்றார். அலுப்போடு சொன்னார். சொல்லிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துகொள்ளலாம் என்கிற மாதிரி. பையை மடியில் வைத்துக்கொண்டார். நானும் நோட்டை மூடிக் கீழே போட்டேன்.

“ஒரு வேலையும் இல்ல” என்றார். “அளவை மூணு மணிக்கே முடிஞ்சிட்டு. ரோட்டோரமா ஒரு டீக்கடை, மழை வாறாப்புல இருந்துச்சு. வாழைக்கா பஜ்ஜி போட்டுக்கிட்டிருந்தான், சூடா. ஒரு பிளேட் வாங்கி உக்காந்தேன். போன் அடிச்சுது, அப்பான்னு பேரு வந்துச்சு. எடுத்தா என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். டிவில படம் வரல, ரிமோட்ல எந்த பட்டன அமுக்கன்னு கேப்பாங்க. தினம் அதான். பஜ்ஜி ஆறிரும்னு கட் பண்ணேன். பாத்துதான் கட் பண்ணேன். திரும்ப அடிச்சாங்க. திரும்பக் கட் பண்ணேன்.”

நிறுத்தினார். இங்கேதான், இந்த இடத்தில்தான், உங்களுக்கு எப்படித் தெரியும் சார், தினம் வருகிற போன்தானே என்று சொல்ல வேண்டிய இடம், அது எவ்வளவு நியாயமான வார்த்தை, உண்மையும்கூட, தொண்டைக்குள் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. மூன்று தடவை என்று கோமதி சொன்னார். இவர் இரண்டுதான் சொல்லியிருக்கிறார்.

“மூணாவது?” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏழு வாரத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

“மூணாவது தடவ போனைக் குப்புறக் கவுத்தி வச்சிட்டேன். பெஞ்சுல அது கிர்கிர்னு அதிருது. டீ மாஸ்டர் பாத்துட்டு, சார் போனு அடிக்கி, யாரு சார்ன்னாரு.” பையின் வாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “யாரும் இல்லன்னு சொன்னேன்.”

நான் ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்காமல் இருப்பதற்கு உடம்பில் எத்தனை பலம் வேண்டியிருக்கிறது.

“அப்பா கூப்பிட்டாங்க” என்றேன். “யாரும் இல்லன்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“அப்புறம்?”

“அடிச்சு நின்னுட்டு. இன்னொரு பிளேட் வாங்கித் தின்னேன் மேடம்.”

“இன்னொரு பிளேட் வாங்கித் தின்னீங்க.”

“ஆமா” என்றார். வாய் கோணியது. பையை மடியோடு சேர்த்து அணைத்துக்கொண்டு அதன்மேல் கவிழ்ந்தார், முதுகு குலுங்கியது. “எப்பா” என்றார். என்னிடம் சொல்லவில்லை.